விலை போகாத பாகம் எங்கே போகிறது?

“பழைய இரும்பு, செம்பு, பித்தளை, பற்றரி” என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு ஒழுங்கைக்குள் நுழையும் ஆட்டோவை மட்டக்களப்பிலும் கல்முனையிலும் தெரியாதவர்கள் இல்லை. பழுதான மின்விசிறி, கருகிப்போன நீர்ப்பம்பி, சுற்றாத சலவை இயந்திரம், பழைய கம்பியூட்டர் எல்லாம் அதில்தான் ஏறுகின்றன. வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் காசு, வீட்டுக்குள் கொஞ்சம் இடம். இந்த ஏற்பாட்டை எந்தச் சபையும் அமைத்துக் கொடுக்கவில்லை. ஆனாலும் கிழக்குக் கரையோரத்தில் மின், இலத்திரனியல் கழிவைச் சேகரிக்கும் வேலையை அன்றாடம் செய்வது அதுதான். அதனால் “எங்கள் பக்கம் இ-கழிவை எடுக்க ஆளில்லை” என்று தொடங்கும் பேச்சை நான் ஏற்பதில்லை. எடுக்க ஆள் இருக்கிறார்கள், ஆனால் விலை போகிற பாகத்துக்கு மட்டும். விலை போகாததை யாரும் எடுப்பதில்லை, அது இங்கேயே தங்கிவிடுகிறது. இந்தக் கட்டுரை அந்த மிச்சத்தைப் பற்றியது.

முதலில் அளவைப் பார்ப்போம். உலகம் முழுவதும் 2022இல் சேர்ந்த இலத்திரனியல் கழிவு 6 கோடியே 20 இலட்சம் தொன் என்று ஐக்கிய நாடுகளின் கணக்கு சொல்கிறது. அதில் முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 வீதம் மட்டுமே. ஆளுக்குச் சராசரி 7.8 கிலோ. 2030இல் மொத்தம் 8 கோடியே 20 இலட்சம் தொன்னாகும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். இலங்கையில் மக்கள் தொகையைவிடக் கைத்தொலைபேசி இணைப்புகள் அதிகம். மட்டக்களப்பு, அம்பாறை என்ற எங்கள் இரு மாவட்டங்களுக்கும் சில தனிக் காரணங்கள் இருக்கின்றன. சவூதியிலும் கட்டாரிலும் உழைத்துத் திரும்புகிறவர்கள் கொண்டுவரும் சாமான்கள் ஏராளம். கடற்கரைக் காற்றின் உப்பு போர்ட்டையும் (உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை) இணைப்புக் கம்பிகளையும் அரித்து, சாமான்களின் ஆயுளைக் குறைக்கிறது. மாரியில் வெள்ளம் வீட்டுக்குள் ஏறினால் குளிர்சாதனப் பெட்டியின் மோட்டரும் நீர்ப்பம்பியும்தான் முதலில் போகின்றன. இதோடு 2022ஐயும் சேர்க்க வேண்டும். மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது, முடிந்தவர்கள் எல்லாம் இன்வேட்டரும் சார்ஜ் லைட்டும் சார்ஜ் ஃபேனும் வாங்கினார்கள். அவற்றுக்குள் இருக்கும் பற்றரிகள் சில ஆண்டுகளுக்கு மேல் தாங்காது. அந்த அலை இப்போது கழிவாகத் திரும்பி வருகிற காலம்.

பிரித்தெடுக்கும் இடத்தில் என்ன நடக்கிறது

பழைய பெட்டி டீவியை எடுத்துக்கொள்வோம். அதில் காசு தருவது படக்குழாயின் கழுத்தைச் சுற்றியிருக்கும் செம்புச் சுருள். அதைக் கழற்றுகிறவர் கழுத்தை உடைத்து உருவிவிடுகிறார், ஒரு நிமிட வேலை. கொஞ்சம் வயரும் ஒரு போர்ட்டும் கூடக் கிடைக்கும். மிஞ்சுவது கண்ணாடியும் பிளாஸ்டிக் பெட்டியும். கதிர்வீச்சு வெளியே வராமல் தடுப்பதற்காக அந்தக் கண்ணாடியில், முக்கியமாகப் பின்புறப் புனல் பகுதியில், ஈயம் கலந்திருக்கிறார்கள். ஒரு டீவியில் ஒரு கிலோவுக்கு மேல்கூட ஈயம் இருக்கலாம். அந்தக் கண்ணாடியை வாங்க ஆளில்லை. ஒரு காலத்தில் புதிய படக்குழாய் செய்கிறவர்கள் வாங்கினார்கள். தட்டை டீவி வந்தபின் உலகத்திலேயே அந்தத் தேவை போய்விட்டது. ஆகவே உடைந்த கண்ணாடி ஒரு பள்ளத்தை நிரப்பப் போகிறது, அல்லது வாவியோரம், அல்லது சபையின் குப்பை உழவு இயந்திரத்தில் ஏறுகிறது.

குளிர்சாதனப் பெட்டியில் விலை போவது கொம்பிரசரும் செம்புக் குழாயும் தகரமும். குழாயை வெட்டும்போது உள்ளே இருக்கும் வாயு ‘உஸ்’ என்று வெளியேறிவிடும். அது 134ஏ என்ற வகையாக இருந்தால், வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் அதே எடை கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 1,430 மடங்கு வல்லது. அண்மைக்காலப் பெட்டிகள் பலவற்றில் 600ஏ இருக்கிறது. அது வளிமண்டலத்துக்குப் பெரிய கேடில்லை, ஆனால் தீப்பற்றக்கூடியது. பக்கத்தில் நெருப்பு வைத்துக்கொண்டு குழாயை வெட்டுகிறவருக்கு அந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். பின்பக்க ஸ்டிக்கரில் வாயுவின் பெயர் அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு வெட்டும் பழக்கம் இல்லை, யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை.

வயர்தான் இன்னும் மோசம். உறையை உரித்தெடுக்க நேரம் பிடிக்கும் என்பதால் குவித்துக் கொளுத்துகிறார்கள். உறை பெரும்பாலும் பிவிசி, அதாவது குளோரீன் உள்ள பிளாஸ்டிக். செம்போடு சேர்ந்து குறைந்த வெப்பத்தில் எரியும்போது டயொக்சின்கள் என்ற கொடிய நச்சுப்பொருட்கள் உண்டாகின்றன. அந்த வேதிவினையைச் செம்பே தூண்டிவிடுகிறது. டயொக்சின் புகையோடு போய்விடுவதில்லை. மண்ணில் படிந்து, மண்ணைக் கிளறித் தின்னும் கோழிக்குள் போய், முட்டையின் கொழுப்பில் சேர்கிறது. கானாவின் அக்ரா நகரில், வயர் எரிப்புக்குப் பெயர்போன அக்பொக்பிளோஷி என்ற இடத்தருகே வளர்ந்த கோழிகளின் முட்டைகளை ஆராய்ந்தபோது மிக உயர்ந்த அளவில் டயொக்சின் கண்டார்கள். நாட்டுக்கோழி வளர்க்காத வளவு அபூர்வமான எங்கள் ஊர்களில் இதைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது. இத்தனைக்கும் எரிப்பது தொழிலுக்கே நட்டம். எரித்துக் கறுத்த செம்பைவிட உரித்துப் பளபளக்கும் செம்புக்குத்தான் கூடுதல் விலை. கையால் சுற்றி வயர் உரிக்கும் சிறிய கருவி ஒன்று கடைக்குக் கடை இருந்தால் புகையில் பெரும்பகுதி நின்றுவிடும். எல்லாப் பரிகாரமும் கோடிக்கணக்கில் செலவு கேட்பதல்ல.

பற்றரி ஒரு விதிவிலக்கு. அது நஞ்சும்தான், காசும்தான். ஆட்டோ, மோட்டார் வாகன, இன்வேட்டர் பற்றரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். அதனால் உலகமெங்கும் மிக அதிகமாகத் திரும்பச் சேகரிக்கப்படும் பொருட்களில் அதுவும் ஒன்று. ஆபத்து அதைத் திறக்கும் கையில் இருக்கிறது. தூக்கிச் செல்வதற்கு வசதியாக அமிலத்தை நிலத்தில் ஊற்றிவிடுவது, பிறகு தட்டுகளை விறகடுப்பில் உருக்கி வலைக்கு ஈயக்குண்டு வார்ப்பது எல்லாம் இந்த வகையில் சேரும். ஈயம் 327 பாகை செல்சியசில் உருகிவிடும், சமையலடுப்பு போதும். அந்தத் தூளும் புகையும் வளவில் படிகின்றன. விளையாடும் பிள்ளை கையை வாயில் வைக்கிறது. குருதியில் இவ்வளவு ஈயம் இருந்தால் பாதகமில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஒரே அளவு ஈயம் வயிற்றுக்குள் போனாலும் சிறு பிள்ளைகளின் உடல் பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு அதிகமாக அதை உறிஞ்சுகிறது. இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளையில் இன்னும் கூடும். வெளியில் எந்த அறிகுறியும் தெரியாமல் படிப்பிலும் கவனத்திலும் பின்தங்குவதுதான் விளைவு. காய்ச்சலோ வாந்தியோ வந்தால் வைத்தியசாலைக்கு ஓடுவோம். இதற்கு எந்தத் தாயும் ஓடமாட்டாள், ஓட வேண்டும் என்று அவளுக்குத் தெரியவும் வராது. இந்த விடயத்தில் எனக்கு மிகவும் கோபம் வருகிற இடம் இதுதான்.

சிஎஃப்எல் பல்புக்கும் டியூப் லைட்டுக்கும் பழைய இரும்புக்காரர் ஒரு ரூபாயும் தரமாட்டார். ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம். தனியே ஒரு பல்பு உடைந்தால் பெரிய ஆபத்தில்லை, வீணாகப் பயப்படத் தேவையில்லை. ஆனால் ஊர்ப் பல்பெல்லாம் ஒரே குப்பைமேட்டில் உடைந்து, வெள்ளத்தோடு வாவிச் சேற்றுக்குப் போனால் கதை வேறு. ஒட்சிசன் குறைந்த சேற்றில் நுண்ணுயிர்கள் அதை மீதைல் பாதரசம் என்ற இன்னும் கொடிய நஞ்சாக மாற்றும். அது மீனில் சேரும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா சமவாயத்தின் நாடுகள் சிஎஃப்எல் உற்பத்தியையும் வர்த்தகத்தையும் 2025ஓடும், டியூப் லைட்டுகளை 2027ஓடும் நிறுத்த உடன்பட்டிருக்கின்றன. நல்லது. ஆனால் எல்ஈடிக்கு மாறும்போது கழற்றிவைக்கப்பட்ட பழைய பல்புகள் அலுமாரிகளில் கிடக்கின்றன. அவை குப்பைக்கு வருகிற ஆண்டுகள் இவைதான்.

மணலும் வாவியும் குப்பைமேடும்

இதே டீவியைக் களிமண் பூமியில் உடைப்பதற்கும் கல்லடியில் உடைப்பதற்கும் வேறுபாடு உண்டு. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளும் மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பது ஒடுங்கிய மணல் நிலம். கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, பெரியகல்லாறு என்று எழுவான்கரையின் நெருக்கமான ஊர்களெல்லாம் அந்த மணலில்தான் இருக்கின்றன. இன்னும் தெற்கே கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் பக்கமும் கரையோர மணல்தான். கிணற்று நீர் ஆழத்தில் இல்லை. உவர்நீரின் மேல் மெல்லிய படையாக நன்னீர் மிதக்கிறது. மேலே ஊற்றியது சீக்கிரம் கீழே போகும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கிணறுகள் உவர்ப்பாகி, மறுபடி குடிக்கத்தக்கதாக வர எவ்வளவு காலம் எடுத்தது என்பதை இந்தக் கரையோரம் அனுபவித்திருக்கிறது. உலோகங்கள் உப்பைப் போல அவ்வளவு வேகமாக இறங்குவதில்லை என்பது உண்மை. களியும் உக்கிய பொருளும் உள்ள மண் ஈயத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மணலில் அவை இரண்டும் குறைவு. பற்றரி அமிலம் சேர்ந்துவிட்டால் பிடிப்பு இன்னும் தளரும்.

வாவியும் ஓடும் ஆறல்ல. பாலமீன்மடு முகத்துவாரம் வறண்ட காலத்தில் மணல் மூடிக் கிடக்கும், மாரியில்தான் திறக்கும். உள்ளே விழுந்தது மாதக்கணக்கில் உள்ளேயே கிடக்கும். வாவி மீனும் இறாலும் நண்டும் எங்கள் சாப்பாடு மட்டுமல்ல, எத்தனையோ குடும்பங்களின் பிழைப்பு.

சரி, சபையின் குப்பை வண்டியில் போட்டால்? திருப்பெருந்துறையில் குப்பைமேடு எரிந்ததையும் அயலவர்கள் எதிர்த்து நின்றதையும் மட்டக்களப்பு நகரத்தார் அறிவார்கள். அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டுக் குப்பைமேடு உலகச் செய்தியானது வேறொரு காரணத்தால். 2022 ஜனவரியில் அங்கே மேலும் இரண்டு யானைகள் இறந்து கிடந்தன. அதற்கு முந்தைய எட்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 20 யானைகள் குப்பையிலிருந்த பிளாஸ்டிக்கைத் தின்று இறந்ததாக அப்போது செய்திகள் வந்தன. மேட்டைச் சுற்றியிருந்த மின்வேலியை 2014இல் மின்னல் தாக்கியது, பிறகு அது திருத்தப்படவே இல்லை. யானை தின்ற பிளாஸ்டிக்கைப் பற்றித்தான் நாம் பேசினோம். அதே குவியலில் உடைந்த டியூப் லைட்டும் ஊதிப்போன போன் பற்றரியும் கிடக்கும். லிதியம் பற்றரி நசுங்கினால் தானாகத் தீப்பற்றக்கூடும். குப்பை மேடுகளும் குப்பை வண்டிகளும் எரிவதற்கு இன்று உலகெங்கும் அது ஒரு காரணம்.

சட்டம், தூரம், காசு

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2008 பெப்ரவரி 1ஆம் திகதி வெளியான 1534/18 இலக்க அதிவிசேட வர்த்தமானி, பட்டியலிடப்பட்ட ஆபத்தான கழிவுகளுக்குள் இலத்திரனியல் கழிவையும் சேர்த்திருக்கிறது. அவற்றைச் சேகரிக்க, கொண்டுசெல்ல, களஞ்சியப்படுத்த, மீள்சுழற்சி செய்ய மத்திய சுற்றாடல் அதிகார சபையின் உரிமம் வேண்டும். ஆபத்தான கழிவு நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும், 1992இல் இலங்கை இணைந்த பாசல் சமவாயத்தின்படி, 2025 ஜனவரி 1 முதல் ஆபத்தானதோ இல்லையோ எந்த இலத்திரனியல் கழிவையும் வேறு நாட்டுக்கு அனுப்ப, பெறும் நாட்டின் முன்சம்மதம் தேவை.

உரிமம் பெற்ற நிறுவனங்கள் பெரும்பாலும் மேல் மாகாணத்தில் இருக்கின்றன. அவை சாமானைப் பிரித்து, இரும்பையும் செம்பையும் பிளாஸ்டிக்கையும் தனித்தனியாக அனுப்புகின்றன. போர்ட்டுகள் வெளிநாட்டு உருக்காலைகளுக்குக் கப்பலேறுகின்றன. பெல்ஜியத்தின் ஹோபோக்கனில் உள்ள ஆலை அவற்றில் பெயர்பெற்றது. மட்டக்களப்பிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். போர்ட்டுக்கு அந்த லொறிக்கூலி கட்டுபடியாகும். ஈயக் கண்ணாடிக்கும் டியூப் லைட்டுக்கும் ஒரு சதமும் கட்டுபடியாகாது. நஞ்சு இங்கே தங்குவதற்கு அறியாமையை மட்டும் குற்றம் சொல்வது அநியாயம். கணக்கே அப்படி அமைந்திருக்கிறது.

இந்த இடத்தில் “போனுக்குள் பொன் இருக்கிறது, இங்கேயே எடுக்கலாமே” என்ற யோசனை வரும். இருக்கிறது, உண்மைதான். ஆனால் டோக்கியோ 2020 ஒலிம்பிக் பதக்கங்களை நினைத்துப் பாருங்கள். ஜப்பான் முழுவதிலுமிருந்து ஏறக்குறைய 79,000 தொன் சிறிய சாமான்களையும், 62 இலட்சம் கைத்தொலைபேசிகளையும் திரட்டி அவர்கள் எடுத்த பொன் சுமார் 32 கிலோ. இரண்டு மாவட்டங்களின் கழிவை வைத்து அப்படியோர் ஆலையை நடத்த முடியாது. யூடியூப்பில் பார்த்து நைத்திரிக் அமிலத்தில் போர்ட்டை ஊறவைக்க நினைக்கும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதில் எழும் கபிலநிற வாயு நுரையீரலைக் கெடுக்கும், பல மணி நேரம் கழித்துத்தான் மூச்சுத்திணறல் தெரியும். மிஞ்சும் அமிலத்தை ஊற்ற அந்தக் கிணற்றடி மணலைத் தவிர வேறிடமும் இராது.

எங்களுக்குத் தேவை ஆலை அல்ல, ஒரு கொட்டகை. மழை நனையாத, சீமெந்துத் தரை போட்ட, வாவியிலிருந்து தள்ளிய கொட்டகை. மட்டக்களப்பில் ஒன்று, கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் பொதுவாக ஒன்று. அங்கே பழைய இரும்புக்காரர் கொண்டுவரும் உடைக்காத படக்குழாய்க்கும் பல்புக்கும் கிலோவுக்கு இவ்வளவு என்று காசு கொடுக்க வேண்டும். விலை போகாததற்கு விலை வைத்தால் அது தானாக வந்து சேரும். அவர்களை விரட்டிவிட்டுப் புதிதாக வண்டி விடுவதைவிட இது மலிவு. ஒழுங்கை ஒழுங்கையாக வீடுகளை அறிந்தவர்கள் அவர்கள்தான். உரிமம், கையுறை, பயிற்சி ஆகியவற்றை அவர்களுக்கே கொடுக்கலாம். கல்முனைக் காட்சியறைகளுக்குச் சாமான் இறக்கிவிட்டுத் திரும்பும் லொறிகளில் இடமும் இருக்கும்.

அந்தக் காசு எங்கிருந்து? சுவிற்சர்லாந்தில் புதுச் சாமான் வாங்கும்போதே மீள்சுழற்சிக் கட்டணமும் விலையோடு சேர்ந்துவிடுகிறது. ஜப்பானில் 2001இலிருந்து டீவி, குளிர்சாதனப் பெட்டி, ஏசி, சலவை இயந்திரத்தை எறிகிறவர் கட்டணம் செலுத்துகிறார். இந்தியாவில் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகள் பொறுப்பை உற்பத்தியாளர், இறக்குமதியாளர் மேல் சுமத்துகின்றன. எங்களுக்கு ஜப்பான் முறை ஒத்துவராது. எறிவதற்குக் காசு கேட்டால் சாமான் இரவில் வாவிக்குப் போய்விடும். வாங்கும்போது அல்லது துறைமுகத்தில் அறவிடுவதே பொருத்தம். ஒரு ஓட்டை மட்டும் இருக்கும். வெளிநாட்டிலிருந்து பயணப் பொதியில் வந்த சாமான்களுக்கு இறக்குமதி நிறுவனமே கிடையாது. எனவே ‘அவரவர் பிராண்டை அவரவர் எடுங்கள்’ என்பது கிழக்கில் அரைவாசிதான் வேலை செய்யும். அறவிடும் பணம் பொது நிதியாகி, கொட்டகைக்கு வந்த எடைக்கு ஏற்பப் பிரிய வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் திருத்தும் கடைகள் இருக்கின்றன. 2022இல் இறக்குமதிக் கட்டுப்பாடும் டொலர் விலையும் வந்தபோது, எறிய இருந்த எத்தனையோ சாமான்கள் அங்கேதான் உயிர் பெற்றன. ஒரு மின்விசிறிக்குக் கப்பாசிட்டர் மாற்றுவது அதை மீள்சுழற்சி செய்வதைவிட எல்லா வகையிலும் மேல்.

கொட்டகை வரும்வரை வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனால் பயனுள்ளது. டீவியை முழுதாகவே கொடுங்கள், உங்கள் வளவில் உடைக்க விடாதீர்கள். பற்றரியை அமிலத்தோடு, நிமிர்ந்தபடியே கொடுங்கள். புதிய பற்றரி வாங்கும் கடையிலேயே பழையதை மாற்றுவது இன்னும் நல்லது. ஊதிய போன் பற்றரியைக் குத்தவோ வெயிலில் வைக்கவோ கூடாது, மணல் போட்ட தகர டின்னில் வையுங்கள். சிஎஃப்எல் உடைந்தால் யன்னலைத் திறந்துவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் வெளியே நில்லுங்கள். பிறகு தும்புத்தடியால் கூட்டாமல், மட்டையால் அள்ளி, தூளை ஒட்டு நாடாவில் எடுத்து, மூடியுள்ள போத்தலில் போடுங்கள். போனையோ கணினியையோ கொடுக்கும் முன் படங்களையும் வங்கி விவரங்களையும் அழித்துவிடுங்கள்.

பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் கதை வேறு. அங்கே சாமான் அரச சொத்து. வருடாந்தப் பொருட் கணிப்பீட்டில் கழிக்கப்படும்வரை தொட முடியாது. கழித்த பின்னும் ஏலத்தில் போகிறவரை மூலையில் கிடக்கும். ஏலத்தில் எடுக்கிறவர் அதிக விலை கேட்டவரா, உரிமம் உள்ளவரா என்ற கேள்வி ஒன்றைச் சேர்த்தாலே பெரிய மாற்றம் வரும். இலத்திரனியல் சாமான்களைத் தளபாடத்தோடு ஒரே குவியலாக ஏலம் விடாமல் தனியாக, உரிமம் உள்ளவர்களுக்கு மட்டும் விட வேண்டும். புதுச் சட்டம் தேவையில்லை, 2008 வர்த்தமானியே அந்த உரிமத்தைக் கேட்கிறது.

அடுத்து வரப்போவது சூரிய மின்சாரத்தின் மிச்சம். கூரைகளில் பலகைகள் ஏறிக்கொண்டிருக்கின்றன. வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் அம்பாறையின் வயலோரங்களிலும் யானை வேலிகளுக்குச் சூரியப் பலகையும் பற்றரியும் வைக்கிறார்கள். பலகை 20, 25 ஆண்டு உழைக்கும். வேலியின் பற்றரி சில ஆண்டுகளில் போய்விடும், அது கிடக்கும் இடமோ எந்தக் கடைக்கும் தொலைவு. வேலிக்கோ தெருவிளக்குக்கோ கேள்விப் பத்திரம் கோரும் சபைகளும் திணைக்களங்களும் அதில் ஒரு வரி சேர்க்கலாம்: ஆயுள் முடிந்த பற்றரியை வழங்குநரே தன் செலவில் எடுத்துச் சென்று, உரிமம் பெற்ற இடத்தில் ஒப்படைத்ததற்கான பற்றுச்சீட்டைக் கொடுக்க வேண்டும், அதுவரை ஒப்பந்தப் பணத்தில் ஒரு பகுதி நிறுத்திவைக்கப்படும் என்று.